கொடுத்தவர் பேர்

நான் ஸ்டிக்கர் ஒட்டிப் பிழைக்கிறவன். தி.நகரில் பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், ஒரு பழைய காம்ப்ளக்ஸின் முதல் மாடியில் 'சமத் கிராபிக்ஸ்' என்று போர்டு இருக்கும். அதுதான் நான், அப்துல் சமத். இந்த ஏரியாவில் எந்தக் கடைக்கு என்ன பேர், யார் யாரைப் பார்த்துக் காப்பி அடித்தார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒருத்தர் கடை நன்றாக ஓடினால் போதும், அதே பேருக்கு முன்னால் ஒரு 'நியூ' சேர்த்து போர்டு அடிக்க ஆள் வந்துவிடும். எழுத்தும் அப்படியே வேண்டும், கலரும் அப்படியே வேண்டும் என்பார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டே அடித்துக் கொடுப்பேன், வேறு என்ன செய்ய? பேர் விஷயத்தில் நாணயமாக இருக்கிற ஆள் என்று என் சர்வீஸில் ஒருத்தரைத்தான் பார்த்தேன். எதிர்க்கடை ஜெயபாரதி ஆச்சி. அந்த நாணயமே அவரைக் கொண்டுபோய் வம்பில் மாட்டிவிட்டது.

ஆச்சி என்றதும் வயதானவர் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பதைத் தாண்டியிருக்கிறார், அவ்வளவுதான். தேவகோட்டைப் பக்கத்துக் குடும்பம் என்பதால் காம்ப்ளக்ஸே அப்படிக் கூப்பிடுகிறது. கீழே தரைத்தளம் முழுக்க அவர் அண்ணன் வைரவனின் எவர்சில்வர் கடை. பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து ஆச்சி அந்தக் கடையில் பேர் வெட்டுகிற மெஷினில்தான் உட்கார்ந்திருந்தார். நம் ஊரில் கல்யாணத்துக்கு ஒரு சொம்பு கொடுத்தால்கூட அதில் பேர் வெட்டாமல் கொடுப்போமா? செய்தவன் பேர் இருக்காது, விற்றவன் பேர் இருக்காது, கொடுத்தவர் பேர் இருக்கும். பின்னால் ஒரு சண்டை வந்தால் "இது எங்க அத்தை குடுத்த குடம்" என்று திருப்பிக் காட்ட அதை விட்டால் வேறு சாட்சி ஏது? ஊர் உலகத்தின் அத்தை, மாமா பேரெல்லாம் ஆச்சியின் கையால் எவர்சில்வரில் ஏறியது. நடுவில் ஒரு கல்யாணம் நடந்தது. அது சரிப்பட்டு வரவில்லை, திரும்பி வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். யாராவது அதற்கு 'ச்சூ' கொட்டினால் அவருக்குப் பிடிக்காது. "நல்லவேளை, வந்தேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுப்பார்.

கம்ப்யூட்டர் அவர் வாழ்க்கைக்குள் பழைய இரும்பாகத்தான் வந்தது. அண்ணன் கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டர்கள் ஒரு பில்லுக்கு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்கிற அளவுக்கு மெதுவாகிப் போயின. புது சாஃப்ட்வேர் எதுவும் இதில் ஏறாது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். வைரவன் அண்ணன் காயலான் கடைக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். ஆச்சி குறுக்கே விழுந்து ஒன்றை மட்டும் பிடுங்கி மாடிக்குத் தூக்கி வந்தார். கம்ப்யூட்டர் எழுந்து நடமாடவே அடியில் ஒரு சாஃப்ட்வேர் வேண்டுமாம், ஓஎஸ் என்பார்கள். அதைக் காசே வாங்காமல் கொடுக்கிற கூட்டங்கள் வெளிநாட்டில் இருக்கின்றன, அதில் 'ஓரியோல்' என்பது பழைய மெஷினிலும் ஓடும் என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்து, மல்லுக்கட்டி ஏற்றிவிட்டார். திரையில் ஒரு மஞ்சள் குருவி வந்து உட்கார்ந்தது. அவர் போட்ட கூச்சலில் நான் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"பாய், சும்மா குடுக்கறாங்க பாய்! எடுத்துக்க, மாத்திக்க, வேணும்னா வித்துக்கங்கறாங்க!"

"சும்மா குடுத்தா எதுனா வில்லங்கம் இருக்கும் ஆச்சி," என்றேன். என் புத்தி அப்படி.

வில்லங்கம் வருவதற்குள் ஆச்சி என் எதிரிலேயே ஒரு கடை போட்டுவிட்டார். தேனாம்பேட்டை ஆபீஸ்களில் கழித்துக் கட்டுகிற கம்ப்யூட்டர்களை வாங்கி வருவார். குடம் வாங்குகிறவர் சுண்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்ப்பார். அந்தத் தட்டலில் அவருக்கு என்ன தெரிந்ததோ, எனக்கு இன்றுவரை தெரியாது. தூசி தட்டி, ஓரியோலை ஏற்றி, தையல் கடை, டியூஷன் சென்டர், கீரைக்கடை என்று சின்ன ஆட்களுக்கு விற்பார். விற்றதோடு விடமாட்டார். யாருக்கு எது தேவையோ அதை உட்கார்ந்து உள்ளே சேர்ப்பார். தமிழில் தட்டுவதற்கு வழி செய்தார், பில் போட ஒரு புரோகிராம் சேர்த்தார்.

அந்த பில் புரோகிராமுக்கு உயிர் கொடுத்தது தேசம்மா. ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்கிறவர், அங்கே மீன்காரப் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. ஒரு மெஷின் வாங்கிப் போனவர் மறுநாளே படியேறி வந்து சத்தம் போட்டார்.

"இன்னா ஆச்சி மிஷினு இது? கிலோ இன்னா, கிலோ இன்னான்னு கேட்டுக்கினே கீது. நான் எங்க கிலோ போட்டேன்? கூறு கட்டித்தான விக்கறேன்? கண்ணால பாத்து அள்ளி வெப்பேன், அது ஒரு கூறு. உன் மிஷினுக்கு அது தெரிய வேணாமா?"

ஆச்சிக்கு அது நியாயமாகப் பட்டது. தேசம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எந்த மீன் எப்படிக் கூறு கட்டுவது, சாயங்காலமானால் கூறு எப்படிப் பெருக்கும் என்று கேட்டுக் கேட்டு, பில்லில் 'கூறு' வருகிற மாதிரி செய்தார். கீரைக்குக் 'கட்டு' தனியாக வந்தது. இதெல்லாம் பெரிய கம்பெனி எதிலும் கிடையாது என்று ஆச்சி பெருமையாகச் சொல்வார்.

இனிதான் வம்பு. விற்கிற ஒவ்வொரு மெஷினையும் ஆச்சி கீழே கொண்டுபோய், பக்கவாட்டுத் தகட்டில் 'ஓரியோல்' என்று பெரிதாகப் பேர் வெட்டினார். அந்தக் குருவியையும் வெட்டினார். எழுத்து முத்து முத்தாக இருக்கும், குருவி மட்டும் கொழுத்த கோழியாகத் தெரியும். "ஸ்டிக்கர் ஒட்டலாம் ஆச்சி, வேணாம்னா உரிச்சிடலாம்" என்று நான் தொண்டை வறளச் சொன்னேன். என் பிழைப்பும் நடக்கும் இல்லையா? அவர் கேட்கவில்லை.

"கொடுத்தவங்க பேரைப் போடாம கொடுத்தா அது திருட்டு பாய். முகம் தெரியாத யாரோ உக்காந்து செஞ்சு சும்மா குடுத்திருக்காங்க. அவங்க பேராவது அதுல நிலைச்சு நிக்க வேணாமா?"

எனக்கும் கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது.

அசோக் நகரில் முருகன் என்று ஒரு பூக்கடைக்காரர். அவரும் ஒரு மெஷின் வாங்கினார். கூறு வருகிறது, கட்டு வருகிறது, பூவுக்கு முழம் வரவில்லை. ஆச்சியிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே சேர்த்திருப்பார். ஆனால் முருகனுக்கு சிந்து என்று கல்லூரியில் படிக்கிற பெண். மெஷினில் வெட்டியிருந்த பேரைப் பார்த்து, நேரே அந்த வெளிநாட்டுக் கூட்டத்துக்கே எழுதிவிட்டாள். 'உங்கள் ஓரியோலில் கூறு இருக்கிறது, முழம் இல்லை. உடனே சரி செய்யவும்' என்று போட்டோவோடு எழுதியிருக்கிறாள். அங்கே எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அவர்கள் செய்ததில் கூறே கிடையாது. போட்டோவில் அவர்கள் பேர் இருக்கிறது, பக்கத்தில் ஒரு கோழி வேறு இருக்கிறது.

அதற்கப்புறம், விற்றது யார் என்று சிந்துவிடம் கேட்டுக்கொண்டு, ஆச்சிக்கு வந்தது மெயில். ஓரியோல் கூட்டத்தில் பேர், சின்னம் சம்பந்தமான காரியங்களைப் பார்க்கிற இங்க்ரிட் என்ற பெண்மணி எழுதியிருந்தார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். நீங்கள் செய்கிற வேலை பிடித்திருக்கிறது, ஆனால் மாற்றம் செய்த ஓஎஸ்ஸை எங்கள் பேரிலும் எங்கள் பறவையிலும் விற்கக் கூடாது, மாதக் கடைசிக்குள் எடுத்துவிடுங்கள், வேறு பேர் வைத்துக்கொண்டு தாராளமாக விற்கலாம் என்று இருந்தது. ஆச்சி அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். அவர் முகம் அவ்வளவு வாடி நான் பார்த்ததில்லை.

"பேர் போட்டதுக்குக் கோவிச்சுக்குவாங்களா பாய், யாராவது?"

நேரமும் சரியில்லை. தேசம்மாவின் சங்கம் குப்பத்தில் ஒரு ஹால் கட்டி முடித்து, அதற்கு வேண்டிய கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஆச்சியிடம் சொல்லியிருந்தது. காலையில் பெண்கள் கணக்குப் போட, சாயங்காலம் பிள்ளைகள் படிக்க. வருகிற ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. ஆச்சிக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் அதுதான். பேர் தகராறு சங்கத்து ஆட்கள் காதுக்குப் போய், வம்பில் இருக்கிற சாமானை ஹாலில் ஏற்ற மாட்டோம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். வைரவன் அண்ணன் மாடியேறி வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"இந்த ஆர்டரும் போச்சுன்னா எதுக்கு ஆத்தா இந்த அலைச்சல்? திங்கக்கிழமை கீழ வந்துரு. உன் ஸ்டூல் அங்கயேதான் இருக்கு."

அவர் கெட்டவர் இல்லை, தங்கச்சி மேல் உயிர். ஆனால் அந்த ஸ்டூல் அங்கேயே இருக்கிறது என்று அவர் சொன்னபோது நான் ஆச்சியின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். ஆச்சி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "பாய், மயிலாப்பூர் வரைக்கும் வர்றீங்களா?" என்றார். ஷட்டரை இறக்கினேன்.

மயிலாப்பூரில் லஸ் பக்கம் மதுமதி என்று ஒரு வக்கீல் இருக்கிறாள். கம்பெனிப் பேர், சின்னம் இதைப் பதிவு செய்து கொடுப்பதுதான் அவள் தொழில். ஆச்சியிடம் ஒரு மெஷின் வாங்கியவள். அவள் மேஜையில் நம் கோழி பக்கவாட்டில் தெரிந்தது. ஆச்சி போன வேகத்தில் பொரிந்து தள்ளினார். நன்றிதானே காட்டினேன், பேரை எடுக்கச் சொன்னால் திருடி விற்கச் சொல்கிறார்களா என்று கேட்டார். மதுமதி மெயிலைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆச்சி, நீங்க எனக்கு ஒரு குடம் குடுக்கறேள்னு வச்சுக்கோங்கோ. உங்க பேரு அதுல வெட்டியிருக்கு. நான் அதை உருக்கி ஒரு வாணலி பண்றேன். நல்ல வாணலிதான். ஆனா அதுலயும் உங்க பேரையே வெட்டி ஊரெல்லாம் விக்கறேன். நாளைக்கு அந்த வாணலி ஓட்டையானா, வாங்கினவா யாரைத் திட்டுவா?"

ஆச்சி மேஜைமேல் இருந்த கோழியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னைத்தான்."

"உங்களுக்கு அந்த வாணலியையே தெரியாது. ஆனா திட்டு உங்களுக்கு. பூக்காரர் பொண்ணு முழம் வரலேன்னு அவாளைத்தானே பிடிச்சுண்டா? அதான் அவா பயம். சாமானை எடுத்துக்கோன்னு சொல்றது ஒரு அனுமதி, பேரை எடுத்துக்கோன்னு சொல்றது வேற அனுமதி. மொதல்ல சொன்னதைத் தாராளமா குடுத்திருக்கா. இதைக் குடுக்கலை."

"அப்ப அவங்க பேரே எங்கயும் வரக் கூடாதா?"

"வரலாமே. ஓரியோலை வச்சுப் பண்ணினதுன்னு சாதாரண எழுத்துல ஒரு வரி எழுதிக்கோங்கோ. அது நிஜம்தானே? நிஜத்தைச் சொல்றதை யார் தடுக்க முடியும்? உங்க சாமானுக்கு அதையே பேரா வைக்கப்படாது, அவ்வளவுதான்."

ஆச்சியின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. நன்றி சொல்ல ஒரு வரி கிடைத்ததே போதும் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. உடனே ஒரு யோசனையும் சொன்னார். ஓரியோல் என்றால் தமிழில் மாங்குயிலாம், மாங்குயில் என்று வைத்துவிட்டால் என்ன என்றார்.

"அதே பறவைக்கு மடிசார் கட்டி விட்டா ஆள் மாறிடுமா ஆச்சி? அதுவும் அவாளோடதுதான். உங்களுக்குன்னு ஒண்ணு யோசிங்கோ."

"நியூ ஓரியோல்?" என்றேன் நான், சும்மா சீண்டிப் பார்க்க. மதுமதி என்னைப் பார்த்த பார்வையில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

அங்கிருந்து குப்பத்துக்கு ஆட்டோ பிடித்தோம். பேர் மாறப்போகிறது என்று தேசம்மாவிடம் நேரில் சொல்லிவிட வேண்டும், சங்கம் என்ன சொல்கிறதோ பார்க்க வேண்டும் என்று ஆச்சிக்குப் பதைப்பு. வழியெல்லாம் நான் பேர் சொல்லிக்கொண்டு வந்தேன். ராயல், ஸ்டார், மெகா, சூப்பர் என்று என் கடையில் நன்றாகப் போகிற பேரெல்லாம் சொன்னேன்.

"செருப்புக் கடைக்குப் பேர் வெக்கிறீங்களா பாய்?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல பேர்கள் அவை. அடையாறு சிக்னல் தாண்டும்வரை நான் பேசவில்லை.

தேசம்மா கடற்கரைப் பக்கம் குடையை நட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் பிளாஸ்டிக் ஷீட்டில் மீன்கள். பெசன்ட் நகர்க்காரர் ஒருவர் குனிந்து நின்று, இவ்வளவு பொடியாக இருக்கிறதே என்று நெத்திலியைக் காட்டி முனகிக்கொண்டிருந்தார். தேசம்மா விடுவாரா?

"பொடின்னு சொல்லாத சார். வஞ்சரம் நாலு வூட்டுக்குத்தான் போவும். நெத்திலி எல்லார் வூட்டுக்கும் போவும். சின்ன சட்டி போதும், கொஞ்சம் எண்ணெ போதும், முள்ளு எடுக்கற வேலகூட இல்ல. இன்னா, கட்டட்டுமா?"

அவர் வாங்கிக்கொண்டு போனார். ஆச்சி அசையாமல் நின்றார். ஆச்சி விற்கிற மெஷினும் அப்படித்தானே. சின்னது, பழசு, கொஞ்சம் மெமரி போதும், யார் வீட்டுக்கும் போகும்.

"நெத்திலி," என்றார்.

"மீன் அப்பால வாங்கிக்கலாம் ஆச்சி, மொதல்ல விசயத்த சொல்லுங்க," என்றேன்.

"விஷயம்தான் பாய். நம்ம ஓஎஸ்ஸுக்குப் பேரு. நெத்திலி."

நான் கடலைப் பார்த்தேன். இருபது வருஷமாகப் பேர் அடிக்கிறேன், எனக்குத் தோன்றவில்லையே என்று வந்தது பாருங்கள் ஒரு எரிச்சல்! சட்டென்று, சுத்தமாக, யாரும் வைக்காத பேர். ஆச்சி தரையிலேயே உட்கார்ந்து தேசம்மாவிடம் மெயில், வக்கீல், குடம், வாணலி எல்லாவற்றையும் ஒப்பித்தார். தேசம்மா மீன் மேல் தண்ணீர் தெளித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேரு மாறிட்டா உள்ள கீற கூறு பூடுமா?"

"போகாது."

"அப்ப இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு வந்த? நம்ம சங்கத்துல நான் பேசிக்கறேன். வம்பு முடிஞ்சதுன்னு தெரிஞ்சா போதும், அவுங்களுக்கு இன்னா." பிறகுதான் அந்தப் பேர் அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. கையிலிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துக் குடைகள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். "கம்பூட்டருக்கு நெத்திலியா! ஐயோ, என் மாதாவே!"

மதுமதிக்கு அங்கிருந்தே போன் போட்டோம். எதிர்முனையில் ஒரே சிரிப்பு.

"எங்காத்துல இந்தப் பேரைச் சொன்னா அம்மா தலையில தண்ணி விட்டுண்டு வரச் சொல்லுவா. ஆனா பிரமாதம் ஆச்சி. மீன் விக்கறவா யாரும் நெத்திலிங்கற பேரைச் சொந்தம் கொண்டாட முடியாது, அது எல்லாரோட வார்த்தை. கம்ப்யூட்டருக்கும் அதுக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை பாருங்கோ, அதனாலதான் இங்க கெட்டியா நிக்கும். வேற யாராவது வச்சிருக்காளான்னு தேடிட்டுச் சொல்றேன்."

மறுநாள் தேடிப் பார்த்துச் சொன்னாள். கம்ப்யூட்டர் உலகத்தில் நெத்திலியை யாரும் தொடவில்லையாம். பதிவுக்கு எழுதிப் போட்டுவிட்டதாகவும் சொன்னாள்.

இனி பழைய பேரை எடுக்க வேண்டும். ஏற்கெனவே விற்றவற்றின் தகடுகளையும் ஆச்சி கழற்றி வாங்கி வரச் செய்தார். ஸ்டிக்கராக இருந்தால் உரித்துவிட்டுப் போயிருக்கலாம், இதை நான் ஒரு தடவைதான் சொன்னேன், ஆச்சி முறைத்தார். தகட்டில் வெட்டிய எழுத்தைத் தேய்த்துத்தான் அழிக்க வேண்டும். கடை வாசலில் உட்கார்ந்து கைமெஷினால் தேய்க்க ஆரம்பித்தார். எழுத்துகள் போய்விட்டன. குருவியிடம் வந்ததும் கை நின்றது. "நல்லா இருங்க, எங்க இருந்தாலும்" என்று அதனிடம் சொன்னார். சாவு வீட்டில் நிற்பதுபோல நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சிரிக்க வேண்டிய விஷயம், சிரிப்பு வரவில்லை.

வைரவன் அண்ணன் கீழேயிருந்து வந்தார். புதுப் பேரைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார்.

"நெத்திலியா? சஷ்டியும் அதுவுமா என்ன பேரு ஆத்தா இது!"

"சஷ்டி நாளைக்கு முடிஞ்சிருது அண்ணே. விழா ஞாயித்துக்கிழமைதான்."

அவர் தகட்டைக் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். எவர்சில்வர் வியாபாரியின் கண்ணுக்கு அந்தத் தேய்ப்பு பொறுக்கவில்லை. "இப்படித் தேய்ச்சா பொத்துக்கும். பாலிஷ் தெரியாம வேலை பாக்காதே" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தகடாகக் கீழே தன் பட்டறைக்குக் கொண்டு போனார். சாயங்காலம் எல்லாம் கண்ணாடியாகத் திரும்பி வந்தன. முதலாளியே உட்கார்ந்து பாலிஷ் போட்டாராம், கடைப் பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு சொன்னார்கள். ஸ்டூலைப் பற்றி அவர் அதன்பிறகு பேசவில்லை.

ஆச்சி புதுப் பேரை வெட்டினார். பக்கத்தில் ஒரு மீனும் வெட்டினார். மீன் நன்றாகவே வந்தது, மீனுக்கு இறக்கை இல்லாததால் பிழைத்தோம். பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு வாசகம். அதற்கு மதுமதியும் நானும் ஆச்சியும் சேர்ந்து மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் இப்படி வந்தது: 'இது ஓரியோல் என்ற இலவச ஓஎஸ்ஸை வைத்துச் செய்தது. அவர்களுக்கு எங்கள் நன்றி. ஆனால் இதைச் செய்தது அவர்கள் இல்லை. குறை இருந்தால் எங்களைத் திட்டவும்.' கீழே ஆச்சியின் போன் நம்பர். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இங்க்ரிட்டுக்கு அனுப்பினோம். வாசகத்தை இங்கிலீஷில் பெயர்த்து, கூறு என்றால் என்ன, முழம் என்றால் என்ன என்று மதுமதி ஒரு பக்கம் விளக்கம் வேறு எழுதிச் சேர்த்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குப்பம் ஜேஜே என்றிருந்தது. ஹால் வாசலில் தென்னங்குருத்துத் தோரணம், உள்ளே வரிசையாக நெத்திலிகள். வம்புச் சாமான் வேண்டாம் என்று சொன்ன பெண்கள் முன்னால் வந்து, பின்பக்கத்து வாசகத்தைப் படித்தார்கள். 'எங்களைத் திட்டவும்' என்ற இடத்தில் ஒரு அம்மா நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டார். "மெய்யாலுமே திட்டுவேன் ஆச்சி" என்றார். "திட்டுங்க" என்றார் ஆச்சி. அத்தோடு சங்கம் மொத்தமும் சரி என்றுவிட்டது. தேசம்மா முதல் பில்லைப் போட்டார். நெத்திலி, ஒரு கூறு. மெஷின் மறுபேச்சுப் பேசாமல் அடித்துக் கொடுத்தது, ஹாலே கைதட்டியது. பூக்கடை முருகன்கூட மகளோடு வந்திருந்தார். அவர் மெஷினில் இப்போது முழம் வருகிறது. சிந்து மன்னிப்புக் கேட்கப் போனாள். "நீ எழுதலேன்னா எனக்குப் பேரே கிடைச்சிருக்காது" என்று ஆச்சி அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது ஆச்சியின் போனில் மெயில் வந்தது. இங்க்ரிட்தான். ஆச்சி பயந்துபோய் போனை மதுமதியிடம் நீட்டினார். அவள் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று, வரி வரியாகத் தமிழில் சொன்னாள்.

பேர் விஷயம் முழுசாகத் தீர்ந்துவிட்டது, நெத்திலி நீடூழி வாழட்டும் என்று ஆரம்பித்தது. பின்பக்கத்து வாசகத்தை எங்கள் ஆபீஸில் எல்லோரும் படித்துச் சிரித்தோம் என்று இருந்தது. பிறகு இப்படி இருந்தது: 'நீங்கள் செய்த இந்தக் கூறு எங்களிடம் இல்லை. தட்டுக் கடை, சந்தைக் கடை வைத்திருக்கிறவர்கள் எத்தனையோ நாடுகளிலிருந்து எங்களிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள், எங்களுக்குச் செய்யத் தெரியவில்லை. இதை நாங்கள் எடுத்துக்கொண்டு ஓரியோலில் சேர்க்கலாமா? எங்களிடம் யார் எதைக் கொடுத்தாலும் கொடுத்தவர் பேரை உள்ளே ஒரு பக்கத்தில் எழுதி வைப்போம். அது எப்போதும் இருக்கும். உங்கள் பேரை எப்படிப் போட வேண்டும்?'

மதுமதி கடைசி வரியை இன்னொரு தடவை சொன்னாள்.

அவ்வளவுதான், ஹாலில் ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். "அப்பச்சி இனிஷியல் போடு ஆத்தா" என்றார் வைரவன் அண்ணன். பட்டம் போட வேண்டும் என்றது ஒரு குரல், ஆச்சிக்கு என்ன பட்டம் இருக்கிறதென்று யோசிக்காமல். கடைப் பேரையும் சேர்த்துப் போடலாம், விளம்பரமாகும் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். ஆச்சி யாரையும் பார்க்கவில்லை. நேரே போய் ஒரு நெத்திலியின் முன்னால் உட்கார்ந்தார். மதுமதி பதில் எழுத இடத்தைத் திறந்து கொடுத்தாள்.

முதலில் 'தேசம்மா' என்று தட்டினார்.

"எம்பேரு இன்னாத்துக்கு?" தேசம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடி வந்தார். "நான் இன்னா செஞ்சேன்? சண்டை போட்டேன், அவ்ளோதான்."

"கூறு உன்னோடது தேசம்மா. நான் எழுதினேன், அவ்வளவுதான்."

தேசம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார். திரையிலிருந்த தன் பேரின் மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்தார். அதற்குக் கீழே ஆச்சி தன் பேரைத் தட்டினார். இனிஷியல் இல்லை, பட்டம் இல்லை. இங்கிலீஷும் இல்லை, இப்படியே தமிழில் போடச் சொல்லுங்கள் என்று மதுமதியிடம் சொன்னார். ஒவ்வொரு எழுத்துக்கும் அவர் விரல் ஒரு நொடி நின்று நின்று இறங்கியது. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்காமலே சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

"எழுத்தெல்லாம் சரியா இருக்கா, பாத்துச் சொல்லுங்க பாய்."

எத்தனை போர்டு அடித்தவன் நான், எழுத்துப் பார்ப்பதுதானே என் பிழைப்பு? குனிந்து பார்த்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றதில் ஒரு எழுத்துகூட எனக்குத் தெரியவில்லை.

"சரியாத்தான் இருக்கு ஆச்சி," என்றேன். "அனுப்புங்க."